எவ்வளவுதான் தாங்கலாம்?



கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போயிருப்பீர்களானால், அங்கே கத்தோலிக்கர் மட்டும் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். திருநீறு பூசிய அம்மாமாரும் சிங்களத் தாய்மாரும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களில் அதுவும் ஒன்று. இன்றும் அங்கே சனம் குறையவில்லை.

அந்த வரிசையில் ஒரு அக்காவோடு கதைக்கக் கிடைத்தது. வன்னியில் இருந்தவர். 2009 இல் கணவரை இழந்தவர். மகளின் படிப்புக்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்து, புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்கிறார்.

"அம்பது கிலோ சீனி மூட்டையை நான் தனியத் தூக்கி வைப்பன். முதலாளி என்னை இரும்பு எண்டுதான் சொல்லுவார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"ஆனா தங்கச்சி, இப்ப மூளை வேலை செய்யுதில்லை. அடுப்பில சோத்தை வைச்சிட்டு மறந்து போறன். மகளைக் கூப்பிட வேற பேர் வாயில வருது. எனக்கு விசர் பிடிக்கப் போகுதோ?"

வரிசை நகர்ந்துவிட்டது. அவருக்குச் சரியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். இது அவருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல.

மனித உடலின் பலத்துக்கு எல்லை உண்டா? நமது வடமராட்சியிலேயே இதற்குப் பதில் சொல்லக்கூடிய இருவர் இருந்தார்கள். தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954 ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை பாக்கு நீரிணையை 27 மணித்தியாலங்களில் நீந்திக் கடந்தார். அவருக்குப் பின் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்திப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார். மொத்தம் 51 மணித்தியாலங்கள். 1980 இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் 33 மணித்தியாலங்கள் ஒற்றைக் காலில் நின்று உலக சாதனையும் படைத்தார்.

அப்படிப்பட்டவர் 1984 ஆகஸ்ட் 6 ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். நமது கடலின் வெதுவெதுப்பு அந்தக் கடலில் இல்லை. கோடை காலத்திலும் அங்கே தண்ணீர் கடுங் குளிர். அவருக்கு மனவுறுதி இருந்தது, பல வருடப் பயிற்சி இருந்தது. அப்படி இருந்தும் உடலுக்கு ஒரு எல்லை இருந்தது. அதனால் அவரைப் பலவீனமானவர் என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். நெடுந்தூரம் நீந்துபவர் யாரும் தனியே போவதில்லை. பக்கத்தில் ஒரு வள்ளம் போகும். உணவு கொடுப்பதும், உடல்நிலையைப் பார்ப்பதும், முடியாவிட்டால் தூக்கி ஏற்றுவதும் வள்ளத்தில் இருப்பவர்களின் வேலை. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு வள்ளம் இருக்கிறது?

"ஷெல் விழுந்த நேரம் பிள்ளையையும் தூக்கி, பையையும் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அந்தப் பலம் எங்கே போனது?" என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்து வரும்போது உடல் அட்ரினலின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் போகும், வலி குறைவாகத் தெரியும். அது உடல் அவசரத்துக்குத் தந்த கடன். அதை நாளாந்தச் சம்பளமாக எண்ணி வாழ முடியாது.

பாரம் தூக்குவதற்கும் கணக்கு இருக்கிறது. வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் தனியே சுமக்கக் கூடிய ஆகக் கூடிய பாரம் 55 கிலோ என்று சர்வதேச தொழில் தாபனம் 1967 இல் பரிந்துரைத்தது. பெண்களுக்கு அது கணிசமாகக் குறைய வேண்டும் என்றும் சொன்னது. 20 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று 20 கிலோவுக்கும் மேல். அதை நாளுக்குப் பத்துத் தடவை சுமந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளை பெற்ற உடம்பு வருடக்கணக்காகப் பாரம் தூக்கினால் கர்ப்பப்பை கீழிறங்கக் கூடும். கீழே ஏதோ இறங்குவது போல இருந்தால், இருமும்போது சிறுநீர் கசிந்தால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதிடம் சொல்லுங்கள். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் இலவசக் கிளினிக்குகள் இருக்கின்றன.

இனி மூளைக்கு வருவோம். நாம் மூளையில் பத்து வீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று ஒரு கதை உலாவுகிறது. அது பொய். மூளையின் எல்லாப் பகுதிகளுக்கும் வேலை உண்டு. ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள இந்த உறுப்பு, உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக் கூடியவை நான்கு ஐந்து விடயங்கள்தான். வாடகை, மகளின் ரியூசன் காசு, கடைக் கடன், காணாமல் போன தம்பி என்று நான்கும் ஏற்கெனவே உள்ளே இருந்தால், அடுப்பில் இருக்கும் சோற்றுக்கு இடம் எங்கே?

நித்திரை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 1964 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவன், வைத்திய ஆய்வாளர்கள் கவனித்திருக்க, 11 நாட்கள் தூங்காமல் இருந்தான். 100 இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லக் கேட்டார்கள். 65 இல் நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டால், தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றான். நல்ல சுகதேகியான இளைஞனுக்கே அந்த நிலை. ஆபத்தானது என்பதால் கின்னஸ் புத்தகம் இந்தச் சாதனையை இப்போது ஏற்பதில்லை.

ஆகவே அக்கா, மறதி வந்தவுடன் அதை விசர் என்று பயப்பட வேண்டாம். பாரம் கூடி, நித்திரை குறைந்த மூளைக்கு இப்படி நடப்பதுண்டு. செய்யக் கூடியவை சில:

மனதில் சுமப்பதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதிவிட்டால் அதை மூளை பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மூட்டையைத் தனியே தூக்காதீர்கள். இருவராகப் பிடியுங்கள், அல்லது பிரித்துக் கட்டுங்கள். குனியும்போது முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

வீட்டு வேலையில் ஒன்றையாவது பிள்ளையிடம் விடுங்கள். அதில் குற்ற உணர்வு வேண்டாம்.

வாரக்கணக்காக நித்திரை இல்லை, மறதி கூடிக்கொண்டே போகிறது, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, வாழப் பிடிக்கவில்லை என்றால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைத்துக் கதைக்கலாம்.

"நீ இரும்பு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டோடு இன்னொரு மூட்டையையும் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். இரும்பும் துருப்பிடிக்கும். "எனக்கு இதற்கு மேல் ஏலாது" என்று சொல்வது தோல்வி அல்ல. நம் பக்கத்தில் வரவேண்டிய வள்ளத்தைக் கூப்பிடும் குரல் அது.

அந்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இந்தப் புத்தகம் கையில் கிடைத்தால் அவர் வாசிக்கட்டும். கிடைக்காவிட்டால், உங்களுக்குத் தெரிந்த அவரைப் போன்ற ஒருவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.