வஞ்சிரம் இருக்கா என்று கேட்காதீங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கம் மீன் வாங்கப் போகிறவரா நீங்கள்? லூப் ரோட்டில் 2024 ஆகஸ்டில் திறந்த மீன் அங்காடியில் 360-க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. ஆனால், நம்மில் பலர் போனதும் கேட்பது ஒரே கேள்விதான்: "வஞ்சிரம் இருக்கா?"

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்களேன்.

காசிமேட்டு விசைப்படகுகள் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிப்பவை. நொச்சிக்குப்பம், ஊரூர் ஆல்காட் குப்பத்து ஃபைபர் படகுகள் அப்படியல்ல. இருட்டோடு கிளம்பி, கரையோரக் கடலிலேயே வலை விட்டு, அன்றைக்கே திரும்பிவிடும். அதனால் இங்கே ஐஸில் பல நாள் கிடக்காத மீன் கிடைக்கும்.

ஆனால், என்ன மீன் கிடைக்கும் என்பதைக் காற்றும் நீரோட்டமும்தான் தீர்மானிக்கும். வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் வலையை எடுப்பார்கள். நெத்திலிக்கு ஒரு வலை, நண்டுக்கு வேறு வலை. ஒருநாள் மத்தியாக வரும். மறுநாள் சங்கரா வரும். சில நாள் வெறும் வலைதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போதும் நமக்குப் புதுமீன் கொண்டுவருவது இந்தச் சிறு படகுகள்தான்.

எல்லோரும் வஞ்சிரமே கேட்டால், காணாங்கெளுத்தியும் கிழங்கானும் கூடையிலேயே மிஞ்சும். எஞ்சினுக்கு ஊற்றிய எண்ணெய்க் காசுகூடத் தேறாது. அப்படியே போனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எதற்குக் கடலுக்குப் போவார்கள்? காற்றைப் பார்த்து மீனைச் சொல்லும் அறிவும் அவர்களோடு சேர்ந்தே கரையேறிவிடும்.

எனவே அடுத்த முறை, "இன்னிக்கு என்னக்கா வந்திருக்கு?" என்று கேளுங்கள். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கக் கூடாது. எது குழம்புக்கு, எது வறுவலுக்கு என்று அந்த அக்காவே சொல்லிவிடுவார். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாது. மத்திக் குழம்பு மறுநாள் இன்னும் ருசிக்கும்!