பொறித்த அளவும் பூட்டிய அளவும்

அரிசியில் 100 கிராம் குறைந்தால் கடைக்காரரோடு சண்டை பிடிக்கும் நாம், ஜீப் டயரில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏன் வாய் திறப்பதில்லை?

டயரில் 33 என்று பொறித்திருக்கும். றிம்மில் பூட்டி, காற்றடித்து அளந்தால் பல டயர்கள் 32 சொச்சம்தான். கேட்டால், "அது பெயரளவு, கம்பனிக்குக் கம்பனி மாறும்" என்கிறார்கள். காசையும் பெயரளவுக்கா வாங்குகிறார்கள்?

காசோடு போனாலும் பரவாயில்லை. பழுதான ஒரு டயருக்குப் பதிலாக வேறு கம்பனியின் 33ஐப் பூட்டி, போர்வீலில் தொடர்ந்து ஓடினால், அந்த விட்ட வித்தியாசம் கியர்பெட்டியைத் தின்னும்.

இனிப் பொறித்த எண்ணை நம்ப வேண்டாம். பூட்டி அளந்து, விட்டத்தைப் பில்லில் எழுதித் தந்தால்தான் காசு என்போம். மறுத்தால், ஸலாம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவோம்.