ஐந்தாண்டு என்றால் எத்தனை ஆண்டு?

எங்கள் தாமானுக்குப் பின்னால் ஒரு கருங்கல் குவாரி இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே சங்கு ஒலிக்கும். சிறிது நேரத்தில் தரை ஒருமுறை அதிரும். அலமாரியிலுள்ள கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். இங்கே குடிவந்த புதிதில் அந்தச் சத்தத்திற்கு என் மகள் அழுவாள். பிறகு அது பழகிப்போய், சங்கு ஒலித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரும் வழக்கமாகவே ஆகிவிட்டது. இப்போது சங்கு ஒலிப்பது குறைந்துவிட்டது. வெட்ட வேண்டிய கல்லில் பெரும்பகுதியை வெட்டி முடித்துவிட்டார்கள். குன்று இருந்த இடத்தில் செங்குத்தான சுவர்களோடு ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

சென்ற ஆண்டு நகராண்மைக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தப் பள்ளத்தில் கட்டுமானக் கழிவை உடைத்து மறுசுழற்சி செய்யத் திட்டமிடல் அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது என்றும், ஆட்சேபம் இருந்தால் 21 நாள்களுக்குள் எழுத்து வழி தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. ‘தற்காலிகப் பயன்பாடு, ஐந்து ஆண்டுகள்’ என்ற சொற்களும் இருந்தன.

அன்றிரவே எங்கள் புலனக் குழு கொதித்தது. “குப்பைமேடு வரப்போகிறது” என்று ஒருவர் எழுதினார். “வீட்டு விலை இறங்கிவிடும்” என்றார் இன்னொருவர். நானும் கோபமாக இரண்டு வரி எழுதினேன். பிறகு விண்ணப்பத்தைப் படித்தேன். இத்துறை தெரிந்த நண்பரிடம் கேட்டேன். என் கருத்து மாறியது. ஆனால், முழுவதுமாக மாறவில்லை. அனுமதி கொடுக்கலாம் என்பதே இன்று என் நிலைப்பாடு. அந்தத் ‘தற்காலிகம்’ எப்போது, எப்படி முடியும் என்பது அனுமதிக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி.

முதலில், கட்டுமானக் கழிவு என்றால் என்ன? பழைய வீட்டின் சுவரை இடித்துச் சமையலறையைப் பெரிதாக்குகிறோம். உடைந்த செங்கல், ஓடு, கான்கிரீட், வளைந்த இரும்புக் கம்பி, சிமெண்டுப் பை, பலகைத் துண்டு எல்லாம் வாசலில் குவிகின்றன. குத்தகையாளர் அவற்றை லோரியில் ஏற்றிச் செல்கிறார். எங்கே கொண்டு போகிறார் என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குரிய விடையைச் செம்பனைத் தோட்டத்து மண்பாதையின் ஓரத்திலும் ஆற்றோரத்திலும் பலமுறை பார்த்திருக்கிறோம். மழை பெய்தால் அந்தக் குவியல் கரைந்து கால்வாய்க்குள் இறங்குகிறது. குவாரியில் வேண்டாம் என்று சொல்லும்போது, வேறு எங்கே என்ற கேள்வியும் நம் முன்னால்தான் நிற்கிறது.

குவாரி இதற்குப் பொருத்தமான இடம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. கல்லை உடைக்கும் இயந்திரம், அளவு வாரியாகச் சலிக்கும் சல்லடை, லோரியை நிறுத்தும் எடைமேடை ஆகியவை அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளத்தின் சுவர்கள் ஓரளவு ஓசையைத் தடுக்கும். இன்னொன்றும் இருக்கிறது. குவாரிக்குக் கல் வாங்க வரும் லோரி வெறுமையாக வந்து நிறைந்து போகிறது. அதே லோரி கட்டுமானத் தளத்திலிருந்து இடிபாட்டை ஏற்றிவந்து, திரும்பும்போது கல்லை ஏற்றிச் சென்றால் ஒரு வெற்றுப் பயணம் குறைகிறது.

வேதியியல் பாடத்தில் உங்களுக்கு இது தெரிந்திருக்கும்: சிமெண்டு நீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. இறுகியதை மீண்டும் சிமெண்டுப் பொடியாக எளிதில் மாற்ற முடியாது. ஆனால், கான்கிரீட்டின் கொள்ளளவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கல்லும் மணலும்தான். அதை உடைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, மரமும் நெகிழியும் நீக்கிச் சலித்தால், சாலைக்கு அடியில் பரப்பும் சரளையாகப் பயன்படுத்தலாம். கவனமாகத் தரம் பிரித்தால் புதிய கான்கிரீட்டிலும் ஒரு பங்கு சேர்க்கலாம். அந்த அளவுக்கு இன்னொரு குன்றை வெட்டாமல் இருக்கலாம்.

பக்கத்து நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். 2007ஆம் ஆண்டு இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது அங்குள்ள கட்டுமானத் துறை திணறியது. சொந்தமாகக் குன்றுகளும் அதிகம் இல்லை. கழிவைப் புதைக்க 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் நிலநிரப்பு ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. அங்கே கட்டுமானக் கழிவில் 99 விழுக்காடு வரை மறுசுழற்சி செய்யப்படுவதாக அரசாங்கப் புள்ளிவிவரம் கூறுகிறது. இடம் இல்லாதவர்களுக்கு அது கட்டாயம். நமக்கு இடம் இருக்கிறது. அதனால்தான் நாம் இன்னும் ஓரத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, அஞ்சுபவர்களின் பக்கம். அவர்களுடைய அச்சம் வீண் அச்சம் அன்று. கான்கிரீட்டை உடைக்கும்போது எழும் நுண்தூசியில் சிலிக்கா இருக்கிறது. அதை நீண்டகாலம் சுவாசிப்பவருக்கு நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிகோசிஸ் நோய் வரலாம். முதலில் பாதிக்கப்படுபவர்கள் நாம் அல்லர், அங்கே வேலை செய்யும் தொழிலாளர்கள். எங்கள் குழுவில் ஒருவர்கூட அவர்களைப் பற்றி எழுதவில்லை, நான் உட்பட. பழைய கூரைகளில் உள்ள அஸ்பெஸ்டாஸ் தகடு கலந்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. கூரை உட்புறத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் பயன்படும் ஜிப்சம் பலகை, காற்றுப் புகாத ஈரக் குவியலில் கிடந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு உண்டாகலாம். உடைத்த கான்கிரீட்டின்மேல் ஓடும் மழைநீர் காரத்தன்மை அடைகிறது. அது நேராக ஓடைக்குள் போகக் கூடாது. இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. நீர் தெளிக்கலாம், வாயிலிலேயே லோரியைச் சோதித்து அஸ்பெஸ்டாஸ் இருந்தால் திருப்பி அனுப்பலாம், நீரைக் குட்டையில் தேக்கிச் சோதித்த பிறகு வெளியேற்றலாம். இவற்றை நிபந்தனைகளாக எழுத முடியும். மீறினால் நடவடிக்கை எடுக்கவும் முடியும்.

என்னை உறுத்தியது ‘தற்காலிகம்’ என்ற சொல்தான்.

நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு பள்ளியில் பலகையால் கட்டிய தற்காலிக வகுப்பறை ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுக்கு என்றுதான் கட்டினார்கள். அதில் படித்த ஒரு மாணவனின் தங்கைக்கும் நான் அதே அறையில்தான் பாடம் நடத்தினேன். அவளுக்கு ஆறு வயது இளைய தம்பியும் அதே அறைக்கு வந்தான். யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. அதை எப்போது பிரிப்பது, யார் செலவில் பிரிப்பது என்று முதல் நாளில் யாரும் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான்.

மறுசுழற்சி நிலையத்தில் இது எப்படி நடக்கும்? இயந்திரங்களைக் கழற்றி லோரியில் ஏற்றிச் செல்வது ஒரு வாரத்து வேலை. தங்கிவிடுவது குவியல். இடிபாட்டை உள்ளே வாங்கும்போதே கட்டணம் கிடைக்கிறது. அதை உடைக்கச் செலவாகிறது. உடைத்த சரளையை யாராவது வாங்கினால்தான் அது வெளியே போகும். புதிய கருங்கல்லையே பலரும் விரும்புவதால் வாங்க ஆள் குறைந்தால், உள்ளே வருவது தொடரும், வெளியே போவது நிற்கும். ஐந்தாம் ஆண்டின் முடிவில் பள்ளத்தில் ஒரு புதிய குன்று நிற்கும். “இதை அகற்ற இன்னும் ஈராண்டு தேவை” என்று நிறுவனம் கேட்கும். அப்போது மறுப்பது கடினம்; மறுத்தால் குவியல் அப்படியே கிடக்கும்.

ஆகவே, நான் எழுதிய கடிதத்தில் அனுமதியை எதிர்க்கவில்லை. குவியலுக்கு உயர வரம்பு வேண்டும். வரம்பைத் தொட்டால் புதிய கழிவை வாங்குவது நிற்க வேண்டும் என்று கேட்டேன். பள்ளத்தைச் சீரமைப்பதற்கான பணத்தை வேலை தொடங்கும் முன்பே வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும் என்று கேட்டேன். முடிவுத் தேதி வாயிலில் எல்லாரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். கூடவே, நகராண்மைக் கழகம் தன் நடைபாதைகளுக்கும் வாகன நிறுத்துமிடங்களுக்கும் இந்தச் சரளையை வாங்க வேண்டும் என்று எழுதினேன். மறுசுழற்சியை ஆதரிப்பதாகச் சொல்லிவிட்டு, மறுசுழற்சி செய்ததை வாங்க மறுப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இல் நிறைவேற்றப்பட்டது; சட்டம் 172 என்பார்கள். நிபந்தனைகளோடும் கால வரம்போடும் அனுமதி வழங்க அதில் இடம் உண்டு. உள்ளூர்த் திட்டம் இன்னும் நடப்புக்கு வராத பகுதிகளில், அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி 21 நாள் அவகாசம் தர வேண்டும் என்பதும் அதில் உள்ளதே. ‘அண்டை நிலம்’, ‘உரிமையாளர்’ என்ற இரு சொற்களையும் கவனியுங்கள். ஒட்டியுள்ள நிலமும், 20 மீட்டருக்கு மிகாத சாலையோ கால்வாயோ நடுவில் உள்ள நிலமும் பொதுவாக அண்டை நிலங்கள். எங்கள் வரிசையில் வாடகைக்குக் குடியிருக்கும் பாட்டிக்குக் கடிதம் வரவில்லை. வேறு ஊரில் வாழும் வீட்டுக்காரருக்குத்தான் போயிருக்கும். லோரிகள் போகும் சாலையோரம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிக்கும் கடிதம் வரவில்லை. தூசியையும் லோரியையும் அன்றாடம் சந்திப்பவர்களில் பலர் சட்டத்தின் கண்ணில் அண்டை வீட்டார் அல்லர். இது சரியில்லை என்பது என் கருத்து.

அந்தப் பள்ளியில் படிவம் நான்கில் படிக்கும் ஒரு பெண் எங்கள் வரிசையில்தான் இருக்கிறாள். பல்நோக்கு மண்டபத்தில் கூட்டம் நடந்த மாலை, தன் தந்தையோடு வந்திருந்தாள். பெரியவர்கள் மாறி மாறிக் குரலை உயர்த்திக்கொண்டிருந்தோம். கூட்டம் முடியும் தறுவாயில் என்னிடம் வந்து ஒரு பயிற்சிப் புத்தகத்தை நீட்டினாள்.

“அங்கிள், ஒரு வாரமா எண்ணிப் பார்த்தேன். காலையில ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரைக்கும் நாங்க சாலையைக் கடக்கிற நேரத்துலதான் லோரி அதிகமா வருது. இன்னும் அதிகமாச்சுன்னா சின்னப் பிள்ளைங்க எப்படிக் கடப்பாங்க?”

நாள், நேரம், லோரி போன திசை எல்லாம் கோடு போட்ட கட்டங்களில் இருந்தன. இரண்டு நாள் மழை என்று ஓரத்தில் குறித்திருந்தாள். “ஐந்தாண்டுன்னா எத்தனை ஆண்டு அங்கிள்?” என்றும் கேட்டாள். கிண்டலாகக் கேட்கிறாளோ என்று பார்த்தேன், இல்லை. பள்ளியின் தற்காலிக வாகன நிறுத்துமிடம் அவள் படிவம் ஒன்றில் சேர்ந்ததிலிருந்து அப்படியே இருக்கிறதாம்.

அவளுடைய பக்கங்களை நகலெடுத்துத் தந்தையின் கடிதத்தோடு இணைத்து அனுப்பினோம். வீட்டு விலை இறங்கும் என்று எழுதியவர்களுக்கு, பெற்றுக்கொண்டோம் என்ற பதில் மட்டுமே வந்தது. அவளுடைய தந்தையை விசாரணைக்கு அழைத்தார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனார். சாலையின் அகலம், மஞ்சள் கோடு இருக்கும் இடம், பள்ளிப் பேருந்து நிற்கும் இடம் என்று அதிகாரி கேட்கக் கேட்க அவள்தான் விடை சொன்னாளாம்.

அனுமதி வழங்கப்பட்டது. ஐந்து ஆண்டுக்கு அன்று, மூன்று ஆண்டுக்கு. பள்ளி தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் லோரிகள் வரக்கூடாது. குவியலுக்கு உயர வரம்பு உண்டு. வைப்புத்தொகை கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லவில்லை. சரளையை வாங்குவது பற்றி நான் எழுதியதற்குப் பதில் இல்லை. எங்கள் குழுவில் சிலர் இதைத் தோல்வி என்கிறார்கள். இரண்டு வீட்டார் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

குவாரி வாயிலில் பலகை இருக்கிறது. முடிவுத் தேதியைச் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள். மழையிலும் தூசியிலும் அது இப்போதே மங்கத் தொடங்கியிருக்கிறது. சென்ற வாரம் போய்த் துணியால் துடைத்து, படம் எடுத்து, குழுவில் போட்டேன். அந்தப் பெண்ணும் பார்த்திருக்கிறாள். “மீண்டும் எழுதச் சொல்லிக் கடிதம் போடலாமா அங்கிள்?” என்று கேட்டு அனுப்பியிருந்தாள்.