நீரேரியும் முட்கம்பியும்

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து வடக்கே பலாலி நோக்கிச் செல்லும் வீதியில் ஆறு இல்லை, மலை இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேற்படிந்த செம்மண்ணும் தோட்டங்களும் கிணறுகளுமே உள்ளன. இயற்கை எந்தத் தடையும் வைக்காத சமதரை அது. ஆயினும் 1990ஆம் ஆண்டு யுத்தத்தின் பின்னர், வசாவிளானுக்கு அப்பால் இவ்வீதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. அப்பகுதி பொதுமக்களின் பாவனைக்குத் திறக்கப்பட்டது 2025 ஏப்ரல் 10ஆம் திகதியே. அன்றும் இரவில் செல்லலாகாது, நடந்து செல்லலாகாது, இடையில் வாகனத்தை நிறுத்தலாகாது என்ற நிபந்தனைகளோடுதான் திறந்தார்கள்.

குடாநாட்டை வன்னியிலிருந்து பிரிப்பது கடனீரேரி. இயற்கை வகுத்த அந்த எல்லையைக் கேரதீவுப் பாதைப் படகு நெடுங்காலம் கடந்துவந்தது; 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டிருந்த 1990களின் தொடக்கத்தில் மக்கள் கிளாலி நீரேரியை இரவில் படகேறிக் கடந்தனர். பலர் அங்கே உயிரிழந்தது நீரின் ஆழத்தினாலன்று, துப்பாக்கிச் சூட்டினால்.

இவ்விடத்தில் எமக்குச் சங்கடமான மற்றொரு கோட்டையும் பேசியாக வேண்டும். வடமாகாண எல்லை என்பது தேசப்படங்களிலும் அலுவலகக் கோப்புகளிலும் இருந்த நிர்வாகக் கோடு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் அதனை முஸ்லிம்களுக்கு மதிலாக்கினர். யாழ். நகர முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர் எனப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது. அவர்களிற் பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளாயினர். வலிகாமம் வடக்குக் காணிகளுக்காக நாம் எழுப்பிய குரலில் ஒரு பங்கையேனும் அவர்களுக்காக எழுப்பினோமா என்பதை நேர்மையுடன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவர்கள் திரும்பிவரும் உரிமையை 2002ஆம் ஆண்டின் பிரபாகரன் - ஹக்கீம் உடன்படிக்கை ஏற்றுக்கொண்டது. யுத்தம் முடிந்த 2009இன் பின்னர் சோனகதெருவுக்கு வந்தவர்கள் கண்டது இடிந்த சுவர்களை. வீட்டுத் திட்டம் கேட்டபோது, ‘உங்கள் பதிவு புத்தளத்தில் அல்லவா இருக்கின்றது’ என்ற கேள்வி எழுந்தது. துரத்தப்பட்டவன் தங்கிய இடத்திலேயே பதிவு செய்தான் என்பதைக் குற்றமாக்கும் விந்தையான வாதம் இது! முட்கம்பியை ஓர் உத்தரவில் அகற்றிவிடலாம். கிராம அலுவலரின் பதிவேட்டிலுள்ள கோட்டுக்கு அதுவும் போதுவதில்லை.

வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணிகள் இன்னும் உள்ளன. மாவட்டச் செயலகத்தில் அக்காணிகள் பற்றிப் பேசப்படும் அதே மேசையில், எமது பிரதிநிதிகளின் கைகளாலேயே சோனகதெருவின் வீட்டுப் பட்டியலும் வைக்கப்பட வேண்டும்.