நுண்கணிதமும் நம் மலைநாட்டு மாணவரும்

நம் மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்திலோ பொறியியற் பீடத்திலோ இடம்பெற்றார் என்னும் செய்தி பதுளையை எட்டும்போது நாம் யாவரும் பூரிப்படைகின்றோம். ஆயின், முதலாம் ஆண்டில் நுண்கணித விரிவுரை மண்டபத்தில் அவர் படும் பாட்டை வினவுவார் நம்முள் மிகச் சிலரே. வாயில் திறந்ததும் வழி முடிந்ததென எண்ணிவிடுகின்றோம்.

அவ்வாயில் எளிதில் திறந்ததன்று. 1945-இல் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வர 1970-கள்வரை காத்திருந்தன. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்டு, அதற்கெனச் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கீடு இடத்தைத் தரும். பாடத்தை விளக்கித் தராது.

இடர்ப்பாடு இருவகைத்து. முதலாவது மொழி. வகையீடு, தொகையீடு, எல்லை எனத் தமிழிற் பழகிய கருத்துக்கள் அங்கு ஆங்கிலப் பெயர் பூண்டு அந்நியராய் வந்து நிற்கின்றன. இரண்டாவது, கற்கும் முறை. உயர்தர இணைந்த கணிதத்தில் விடை காண்பதே பெரிதும் நம் வேலை. பல்கலைக்கழகமோ அவ்விடை ஏன் சரியென நிறுவுமாறு கேட்கின்றது.

இதனை நமக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தாற் காண்போம். 1924-இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, பண்டாரவளையிலிருந்து இறங்கும் உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் சராசரிச் சாய்வு கிடைக்கும். ஆனால், தெமோதரையில் வளைந்து சுற்றி, நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுள் நுழையும் பாதையில் வண்டி செலுத்துவோருக்கு வேண்டியது சராசரியன்று, அவ்விடத்துச் சாய்வே. அதனைப் பெறத் தூரத்தைக் குறுக்கிக்கொண்டே செல்கின்றோம். தூரம் பூச்சியமானால் வகுத்தல் இயலாது. ஆகவே, அது பூச்சியத்தை அணுகுகையில் விடை எதனை அணுகுகின்றதென வினவுகின்றோம். அதுவே எல்லை. எப்சிலன், டெல்டா என அஞ்சவைக்கும் எழுத்துக்கள், ‘அணுகுதல்’ என்னும் சொல்லை ஐயமறக் கூறவந்தவையே.

நியூற்றனும் லைப்னிற்சும் 17ஆம் நூற்றாண்டில் நுண்கணிதத்தை வகுத்தனர். அதன் அடிப்படை தளர்ந்ததென 1734-இல் பார்க்லி ஆயர் கண்டித்தார். கோஷியும் பின்னர் வையர்ஸ்ட்ராசும் 19ஆம் நூற்றாண்டிலேயே அதனை உறுதிப்படுத்தினர். பேரறிஞர்க்கே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்ததை ஒரு தவணையில் உணராத மாணவன், தான் லயத்திற் பிறந்ததே அதற்குக் காரணமென மனமுடைவது எத்துணை அநீதி! அவனுக்குக் குறைந்தது அறிவன்று, ஆயத்தமே.

ஆதலின் நாம் கூறுவது இது. உயர்தரப் பெறுபேறு வெளிவந்து பல்கலைக்கழகம் புகுமுன் பல மாதங்கள் வீணே கழிகின்றன. அக்காலத்தில் பழைய மாணவராகிய பொறியியலாளரும் ஆசிரியரும் வாரந்தோறும் ஒரு வகுப்பை நடத்தல் வேண்டும். கலைச்சொற்களை இருமொழியிலும் விளக்குதலும், சிறு நிறுவல்களை மாணவர் தாமே எழுதப் பழக்குதலும் அதன் பணிகளாகட்டும். பசறையிலிருந்தும் நமுனுகுலவிலிருந்தும் வருவோர்க்குப் பேருந்துக் கட்டணத்தைச் சங்கமே அளிக்கட்டும். கல்லூரியிலும் ஆசிரியப் பெருமக்கள் கடந்தகால வினாத்தாள்களோடு நில்லாது, ‘ஏன்’ என்னும் வினாவை மாணவரிடையே வளர்த்தல் நன்று.

பட்டம் பெற்று வருவோர்க்கு மாலை சூட்டுதல் நம் மரபு. முதலாம் ஆண்டில் தடுமாறுவோர்க்குக் கைகொடுத்தல் அதனினும் உயர்ந்த மரபாகும். அதனை இவ்விழா ஆண்டிலேயே தொடங்குவோமாக.