டில்லரை எடைக்குப் போடும் முன் பெல்ட்டைப் பாருங்கள்

சென்ற ஆண்டு குறுவையின்போது, டெல்டாவில் ஒரு விவசாயி நாற்றங்காலைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். ஆடுதுறை 43 ரகம். 18 முதல் 22 நாளுக்குள் பறித்து நட்டிருக்க வேண்டிய நாற்று, 28 நாளைத் தொட்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் இருந்தது, நடவுக்கு ஆளும் பேசி வைத்திருந்தார். பிறகு ஏன் நடவில்லை என்று கேட்டேன்.

"டில்லர் இழுக்க மாட்டேங்குது சார். இன்ஜின் போயிடுச்சு. எடைக்குப் போட்டுட்டு வேற பாக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

இருபது வருடப் பழைய பவர் டில்லர். ஓட்டிக் காட்டச் சொன்னேன். ரோட்டில் நன்றாகவே போனது. சேற்றில் இறக்கி ரோட்டரியைக் கொடுத்ததும் கத்திகள் திணறி நின்றன. ஆனால், இன்ஜின் சத்தம் கொஞ்சமும் இறங்கவில்லை. கரும்புகையும் இல்லை. சற்று நேரத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது.

நான் உழவியல் படித்தவன், இயந்திரம் என் பாடம் அல்ல. ஆனாலும் எங்கள் வீட்டில் டில்லர் இருந்தது, அதன் பெல்ட்டோடு மல்லுக்கட்டிய அனுபவம் உண்டு. சுமை ஏறும்போது இன்ஜின் சத்தம் அமுங்கி, கரும்புகை தள்ளினால் கோளாறு இன்ஜின் பக்கம். சத்தம் அப்படியே இருந்து கத்தி மட்டும் நின்றால், இன்ஜின் தரும் சக்தி வழியில் எங்கோ நழுவுகிறது. அது கிளட்ச் தட்டாகவும் இருக்கலாம். பெல்ட்டாகவும் இருக்கலாம். கிளட்ச்சைப் பிரிக்க ஒரு நாள் போகும். பெல்ட்டைப் பார்க்க மூடியைக் கழற்றினால் போதும். எனவே முதலில் பெல்ட்.

டில்லரில் இருப்பது வி-பெல்ட். இது புல்லிப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இழுப்பதில்லை. ஆப்பு மாதிரி இறங்கி, பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவர்களையும் இறுகப் பிடித்து இழுக்கிறது. நல்ல பெல்ட்டின் முதுகு புல்லி விளிம்புக்குச் சமமாகவோ, மயிரிழை மேலேயோ நிற்கும். பக்கங்கள் தேயத் தேய அது உள்ளே இறங்கும். பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் பிடி போய்விடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. அந்த விவசாயியின் டில்லரில் பெல்ட்டுகள் விளிம்புக்குக் கீழே கிடந்தன. பக்கங்கள் கண்ணாடி போல் மின்னின. உள்புறத்தில் விரிசல்கள். ஒன்றில் மட்டும் எழுத்து அழியாமல் இருந்தது. அது புதியது.

அதுதான் பாதிச் சிக்கலும். மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்ததும், அந்த ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டிருக்கிறார். பலரும் செய்வதுதான். பழைய இரண்டும் நீண்டு தொய்ந்திருக்கும். புதியது நீளம் குறைவாக இருப்பதால், மொத்தச் சுமையும் அதன் தலையில் விழும். சீக்கிரமே அது அறுந்துவிடும், கடைக்காரர் போலிப் பொருள் கொடுத்துவிட்டார் என்று அவரோடு சண்டை. மாற்றினால் மொத்தமாக, ஒரே கம்பெனியில் ஒரே அளவில் மாற்ற வேண்டும். பழையதில் ஒன்று நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அதற்கு இரக்கப்படக் கூடாது.

அளவைப் பொறுத்தவரை, பெல்ட் மேல் உள்ள எழுத்து அதன் பருமனைச் சொல்கிறது. 'பி' என்றால் மேல் அகலம் 17 மி.மீ., கனம் 11 மி.மீ. அடுத்துள்ள எண் உள்சுற்று நீளம், அங்குலத்தில். தேய்ந்து நீண்ட பழைய பெல்ட்டை நூல் பிடித்து அளந்து, அதே நீளத்துக்கு வாங்குவது தவறு. எழுத்து அழிந்திருந்தால் இயந்திரத்தோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

மாட்டும்போது திருப்புளியையோ கடப்பாரையையோ கொடுத்து நெம்பி ஏற்றுகிறார்கள். உள்ளே இருக்கும் நூலிழை அப்போதே அறுந்துவிடும். வெளியே தெரியாது, பத்து நாளில் தெரியும். சில மாடல்களில் டென்ஷன் புல்லியைத் தளர்த்த வேண்டும். சிலவற்றில் இன்ஜின் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி இன்ஜினையே நகர்த்த வேண்டும். அப்படிச் செய்தால் கையாலேயே பெல்ட் ஏறும். இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்த்த பிறகு போல்ட்டுகளை முடுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் போகும். புது பெல்ட் முதல் நாள் ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும் என்பதால், மறுநாள் காலை ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை.

பெல்ட்டைக் கழற்றியதும் புல்லிப் பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பக்கச் சுவர் நேராக இல்லாமல் கிண்ணம் போல் குழிந்திருந்தால், புது பெல்ட்டையும் அது தின்றுவிடும். 0.8 மி.மீ. குழிவே புல்லியை மாற்றச் சொல்லும் அளவு.

நழுவும் பெல்ட்டுக்குக் குங்கிலியம் தேய்ப்பது, கிரீஸ் தடவுவது என்று கைவைத்தியம் பல உண்டு. குங்கிலியம் பழைய தட்டைப் பெல்ட் காலத்து வழக்கம். வி-பெல்ட்டுக்கு அது அரை நாள் பிடி கொடுக்கலாம், பிறகு தூசியைச் சேர்த்துப் பக்கங்களை அரைக்கும். எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊதி இளக வைக்கும். எங்கள் பெரியப்பாவுக்கு வலது ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. பம்புசெட் ஓடும்போதே பெல்ட்டில் குங்கிலியம் தேய்க்கப் போய் இழந்தார். இன்றும் பெரும்பாலான டில்லர்களில் பெல்ட் மூடி வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. 'அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கு' என்பார்கள். சரியாக மாட்டினால் அடிக்கடி கழற்ற வேண்டியதில்லை.

இதில் விவசாயியை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் பேசப் போன கூட்டங்களில் புதிய இயந்திரம், அதற்கான மானியம், விண்ணப்பம் ஆகியவை பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறோம். வீட்டில் நிற்கும் பழையதை எப்படி ஓட வைப்பது என்று நானே ஒருமுறையும் பேசியதில்லை. விதை நேர்த்திக்கு வயலில் செயல்விளக்கம் நடத்துகிறோம், ஒரு டில்லரின் மூடியைக் கழற்றி அதே போல நடத்தினால் என்ன? வட்டார விரிவாக்க அலுவலர்கள், பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரையே அழைத்து மே மாதத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்த பிறகு கூப்பிட்டால் மெக்கானிக் வரமாட்டார், கடையில் சரியான அளவும் இருக்காது. வாடகை இயந்திர மையங்களும் ஒவ்வொரு டில்லருக்கும் ஒரு செட் பெல்ட் வாங்கி, வெயிலும் எண்ணெயும் படாமல் மாட்டி வைத்திருக்கலாம். ஒரு பெல்ட் சில நூறு ரூபாய்தான்.

அந்த விவசாயி அன்று மதியமே டவுனுக்குப் போய் மூன்று பெல்ட் வாங்கி வந்தார். புல்லி தப்பித்திருந்தது. மாலையில் டில்லர் சேற்றில் இறங்கியது. 30-ம் நாளில் நடவு. முதிர்ந்த நாற்று தூர் குறைவாகக் கட்டும் என்பதால், குத்துக்கு நாற்றைக் கூட்டி நெருக்கி நடச் சொல்லிவிட்டு வந்தேன். இழந்த நாட்களுக்கு அதற்கு மேல் என்னிடம் மருந்து இல்லை.