மஞ்சள் விளக்கின் சாட்சியம்

நியாய ஸ்தலத்திலே சாட்சி ஒருவன் வந்து நிற்கிறான். அவனைப் பேசவொட்டாமல் வெளியே தள்ளும் நீதிபதி அநீதி செய்தவனாவான். அவன் முதற்சொல் கூறியவுடனேயே, குறுக்கு விசாரணை யாதுமின்றி, இன்னான் குற்றவாளியென்று தண்டனை விதிக்கும் நீதிபதியும் அநீதி செய்தவனே. இவ்விரு தவறுகளையும் நியாய ஸ்தலத்தில் நாம் பொறுக்கமாட்டோம். ஆயினும் பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போரும், அதனைப் பழுதுபார்ப்போரும் இவ்விரண்டையும் நாள்தோறும் செய்துவருகின்றனர். வண்டியின் முகப்புப் பலகையிலே எஞ்சினின் உருவத்தோடு மஞ்சள் நிறமாய் எரியும் சிறு விளக்கே நான் கூறும் சாட்சி. அது எரிந்தால் அதனை அணைக்க வழிதேடுவார் ஒருசாரார். அது சுட்டுவதாகத் தோன்றும் உறுப்பைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டுவார் மற்றொரு சாரார். இருவரும் விசாரியாதவர். விசாரித்தலே கடமை என்பதும், அக்கடமை செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதும் என் கருத்து.

இவ்விளக்கு எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்க நாட்டிலே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடி மாந்தர் கண்களை எரியச்செய்த புகைமூட்டத்தின் மூலத்தை 1950-ஐ அடுத்த ஆண்டுகளில் ஆராய்ந்தவர் ஹாகன்-ஸ்மிட் என்னும் ரசாயன அறிஞர். மோட்டார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் சூரிய ஒளியிலே ஒன்றோடொன்று கூடி நச்சாகின்றன என்று அவர் காட்டினார். அந்நச்சைக் குறைக்கவே 1975-ஆம் ஆண்டு முதலாக அந்நாட்டுப் புதுக் கார்களிற் பெரும்பாலானவற்றில், காடலிடிக் கன்வர்ட்டர் என வழங்கும் புகைமாற்றி அமைக்கப்பட்டது. அது தேன்கூடு போன்ற நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. அதன் மேற்பூச்சிலே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் உள்ளன. எஞ்சினினின்று வரும் கார்பன் மோனாக்ஸைடு, எரியாது எஞ்சிய பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகிய மூன்றும் அதனூடே செல்லும்போது பெரும்பாலும் கரியமிலவாயுவும், நீராவியும், தீங்கற்ற நைட்ரஜனுமாக மாறுகின்றன.

இவ்வுறுப்பிலே ஒரு விசித்திரம் உண்டு. பிரேக் கெட்டால் ஓட்டுபவன் அறிவான். டயர் வெடித்தால் தெருவே அறியும். புகைமாற்றி கெட்டாலோ பெரும்பாலும் எவரும் அறியார். வண்டி முன்போலவே ஓடும். துன்பமெல்லாம் பின்னால் நடந்து வரும் பள்ளிப்பிள்ளைக்கும், சாலையோரத்திற் பழம் விற்கும் மூதாட்டிக்குமே. ஆதலின் ஓட்டுபவன் உணரமுடியாததை அவனுக்கு உரைக்க ஒரு சாட்சி வேண்டியதாயிற்று. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதுக் கார்கள் யாவும் தம்மைத் தாமே சோதித்து இவ்விளக்கை ஏற்றும் முழு அமைப்பைப் பெற்றிருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நம் நாட்டிலே 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களின் புதுப் பெட்ரோல் கார்களுக்குப் புகைமாற்றி கட்டாயமாயிற்று. தற்சோதனை அமைப்போ, பாரத் நிலை நான்கு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் 2010-இல் தொடங்கி 2013-இல் விரிவடைந்தது. ஏனைய விளக்குகள் வண்டிக்குடையவனுக்காக எரிகின்றன. இது பெரும்பாலும் அயலானுக்காக எரிகின்றது. இதனை மறத்தலே எல்லாத் தவறுக்கும் தொடக்கம்.

நான் இவ்விஷயத்தைக் கற்றது நூலினின்றன்று. சென்னையிலே வாழும் என் தாய்மாமன் தையல் யந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலினர். தாம்பரம் முதற் செங்கற்பட்டு வரையுள்ள தையற்கடைகளுக்குக் கருவிப்பெட்டிகளை ஏற்றிச்செல்ல 2014-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சிறு பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறார். கார் நின்றால் அவர் தொழிலும் நிற்கும். சென்ற ஆண்டு விடுமுறைக்கு நான் அவர் வீட்டிற்குச் சென்றபோது மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கி இரண்டு மாதமாயிருந்தது. முதற் பட்டறையார் கையளவான கருவி ஒன்றை ஸ்டீரிங்கின் கீழுள்ள பதினாறு முனைச் செருகுவாயிற் பொருத்தி, உள்ளே பதிந்திருந்த குறியீட்டை அழித்து, 300 ரூபாய் பெற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தது, நான்கு நாளில் மீண்டும் எரிந்தது. மறுபடியும் அழித்தார், மறுபடியும் எரிந்தது. மூன்றாம் முறை, "அதன்மேற் கறுப்பு நாடாவை ஒட்டிவிடுங்கள், ஐயா, கண்ணில் படாதது மனத்தையும் உறுத்தாது" என்றாராம். விளக்கைக் கொளுத்தி மரக்காலின் கீழ் மறைப்பவர் இல்லையென்று ஞாயிறு பள்ளியிலே படித்த எனக்கு, நாடாவினால் மறைப்பவர் உண்டு என்பது புதுச் செய்தியாயிருந்தது.

இரண்டாம் பட்டறையார் குறியீட்டைப் படித்தார். பி 0420 என்றிருந்தது. புகைமாற்றியின் செயல்திறன் வரம்பிற்குக் கீழே போயிற்று என்பது அதன் பொருள். படித்த மாத்திரத்தில், "கன்வர்ட்டர் போய்விட்டது, புதிது போட 38,000 ரூபாய் ஆகும்" என்று கூறிவிட்டார். மாமனுக்கு அது பல மாதத்து வருவாய். அங்கு நின்ற தரகர் ஒருவர், காலையிற் குறியீட்டை அழித்து மாலைக்குள் வண்டியை விற்றுவிடும்படி யோசனை சொன்னார். வண்டி வேண்டுமென்று முன்னரே கேட்டிருந்தவர் எங்கள் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சிறு சம்பளக்காரர். மாமன் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. நான், "மாமா, நூல் அறுந்துபோகிறது என்று கடைக்காரர் சொன்னால் உடனே யந்திரத்தையே மாற்றச் சொல்வீர்களா?" என்று கேட்டேன். "முதலில் ஊசியைப் பார்ப்பேன். மழுங்கின ஊசியானாலும் நூல் அறும், திருப்பி மாட்டின ஊசியானாலும் அறும்" என்றவர், சற்றே நிறுத்தி என் முகத்தை நோக்கினார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் நாங்கள் கண்ட முதிய மெக்கானிக் விசாரித்த முறையையே நான் மாதிரியாகக் கூறுவேன். அவர் கேட்ட முதல் வினா, "விளக்கு நின்று எரிகிறதா, விட்டுவிட்டு எரிகிறதா?" என்பது. விட்டுவிட்டு மினுக்கினால் சிலிண்டரிற் பெட்ரோல் எரியாமலே வெளியேறிப் புகைமாற்றியினுள் சென்று எரிந்து, அதனை உருக்கிவிடும் அபாயம் உண்டு; அப்பொழுது வேகத்தைக் குறைத்து விரைவில் வண்டியை நிறுத்தவேண்டும். நின்று எரிந்தால் அவகாசம் உண்டு. ஆனால் அலட்சியத்திற்கு இடமில்லை. மாமன் காரில் விளக்கு நின்றே எரிந்தது. அடுத்து, குறியீட்டை அழிக்குமுன் அதனோடு பதிந்திருந்த விவரங்களை எழுதிக்கொண்டார். குற்றம் கண்ட கணத்தில் வண்டியின் வேகம், எஞ்சினின் சூடு, சுமை ஆகியவற்றை யந்திரம் தானே குறித்துவைக்கிறது. முதற் பட்டறையார் அழித்தபோதெல்லாம் அழிந்தவை இவ்விவரங்களே, அதாவது, வாக்குமூலமே.

பின்னர் எஞ்சினை ஓடவிட்டு இரண்டு உணர்கருவிகளின் அளவுகளைப் பார்த்தார். புகைமாற்றிக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகப் பிராணவாயுவை அளக்கும் கருவிகள் உள்ளன. முன்னது ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். புகைமாற்றி நல்ல நிலையிலிருந்தால் அது பிராணவாயுவைத் தன்னுள் வாங்கி வைத்து வேண்டும்போது விடுவதனால், பின்னதன் அளவு அசையாது நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால், புகைமாற்றி செத்துவிட்டதென்று கணிப்பொறி முடிவு செய்து விளக்கை ஏற்றும். ஆகவே பி 0420 என்னும் குறியீடு புகைமாற்றியை நேரே கண்டு கூறியதன்று. பின்னுள்ள கருவியின் சொல்லைக் கேட்டுக் கூறியது. அக்கருவியை வேறேதேனும் ஏமாற்றியிருந்தால்? மாமன் காரில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பின்னது ஆடிற்று. வேகத்தை உயர்த்தி நிலையாகப் பிடித்தபோது ஆட்டம் பெரிதும் அடங்கிற்று. செத்த புகைமாற்றி அவ்வாறு இடையிடையே உயிர்த்தெழாது என்றார் முதியவர்.

அடுத்த நாட்காலை, குளிர்ந்த எஞ்சினை எழுப்பிச் செவிகொடுத்துக் கேட்டார். 'டிக், டிக்' என்று மெல்லிய ஒலி கேட்டது. குழாய் சூடேறியதும் மறைந்தது. வண்டியை ஆறவிட்டு மறுபடி கிளப்பியவுடன், சோப்புநீரைப் புகைக்குழாயின் இணைப்பிலே பூசினார். பின் உணர்கருவிக்கு ஒரு சாண் முன்னே குமிழிகள் எழுந்தன. அங்கிருந்த கேஸ்கட் கருகி விண்டிருந்தது. புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறுவதால் ஒவ்வொரு துடிப்பின் பின்னும் வெளிக்காற்று அவ்விரிசலில் உள்ளே இழுக்கப்பட்டது. அக்காற்றிலுள்ள பிராணவாயுவையே கருவி கண்டு சொல்லிற்று. சாட்சி பொய் கூறவில்லை. கேட்டவர்தாம் பொருளைத் தவறாகக் கொண்டனர். கேஸ்கட்டும் கூலியும் சேர்ந்து 650 ரூபாய் ஆயிற்று. குறியீட்டை அழிக்கச் சொன்னோம், முதியவர் மறுத்துவிட்டார். குற்றம் இல்லையென்று அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் யந்திரம் தானே கண்டால் விளக்கு தானே அணையும், அதுவே தம் வேலைக்குச் சான்று என்றார். சில நாட்களில் அது அணைந்தது. மாமன் வண்டியை விற்கவில்லை.

எல்லாக் கார்களிலும் கேஸ்கட்டே குற்றவாளி என்று நான் கூறவில்லை. புகைமாற்றி மெய்யாகவே செத்திருப்பதும் உண்டு. அப்பொழுதும் விசாரணை முடிந்ததாகாது. அதனைக் கொன்றது எது என்று கேட்கவேண்டும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கா, எஞ்சின் எண்ணெய் உள்ளே கசிந்து எரிவதா, ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் இறங்குவதா என்று அறியாமல் புதியதை மாட்டினால், பழையதைக் கொன்றதே புதியதையும் கொல்லும். மருந்து என்னும் அதிகாரம் வகுத்த வள்ளுவர் சிகிச்சையைக் கூறுமுன் நோயின் மூலத்தை அறியச் சொன்னது மனித உடலுக்கு மட்டும் பொருந்துவதன்று.

இதனை மறுப்பார் கூறும் நியாயங்கள் இரண்டு. ஏழைக்கு இவ்வளவு விசாரணை கட்டுமா என்பது ஒன்று. என் மாமன் அழித்தலுக்கே 900 ரூபாய் கொடுத்திருந்தார். பழுது தீர ஆனது 650. விசாரணை ஏழையின் பகையன்று. அவனுக்கு உள்ள ஒரே காவல். மற்றொன்று, புகைச் சோதனையிலே தேறிய சான்றிதழ் இருக்கும்போது விளக்கைப்பற்றி என்ன கவலை என்பது. மாமன் காருக்கும் விளக்கு எரியும்போதே அச்சான்றிதழ் கிடைத்தது. நிற்கும் வண்டியின் குழாய்வாயிலே கருவியைச் செருகிக் கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத ஆவியையும் அளக்கின்றனர். நைட்ரஜன் ஆக்ஸைடை அங்கே அளப்பதில்லை. நிற்கும்போது நல்லவனாயிருப்பது எளிது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வோல்க்ஸ்வாகன் கம்பெனியின் டீஸல் கார்களைப்பற்றி அமெரிக்க அரசாங்கம் வெளியிட்டது யாது? சோதனை நடக்கும்போது அதனை அறிந்து ஒழுங்காக நடந்து, சாலைக்கு வந்ததும் வரம்பிற்கு நாற்பது மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடை விடும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன என்பதே. உலகமெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளில் அவ்வமைப்பு இருந்தது. அவை யாவும் சோதனையிலே தேறியவையே. வெஸ்ட் வர்ஜினியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர் கருவிகளைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டி அளந்ததனாலேயே உண்மை வெளிப்பட்டது.

பெருங் கம்பெனி செய்ததை வஞ்சகம் என்று நாம் தயங்காமற் கூறுகிறோம். காலையிற் குறியீட்டை அழித்து மாலையில் வண்டியை விற்பதற்கு வேறு பெயர் உண்டோ? அளவிலே அது சிறிது, இனத்திலே ஒன்றே. வாங்குவோர் ஒன்று அறிந்துகொள்ளட்டும்: குறியீட்டை அழிக்கும்போது வண்டியின் தற்சோதனைப் பதிவுகளும் அழிகின்றன; அவை மீண்டும் நிறைவதற்குப் பல நாள் ஓட்டம் வேண்டும். சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு கருவியைப் பொருத்திப் பார்த்தால், சோதனைகள் பல "முடியவில்லை" என்று காட்டும். விளக்கு எரியாத வண்டி நோயற்ற வண்டி அன்று. நேற்று வாய் கட்டப்பட்ட வண்டியாகவும் இருக்கலாம்.

ஆதலின் நான் வேண்டுவன மூன்று. புகைச் சோதனை நிலையங்களிலே குழாயை அளப்பதோடு விளக்கின் சாட்சியத்தையும் கேட்டுப் பதிய வேண்டும். பழைய வண்டியை விற்பவர் அதன் குறியீடுகளை அழியாமல் வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். பட்டறையார் ஓர் உறுப்பை மாற்றச் சொல்லும்போது, எவ்வளவுகளைக் கண்டு அம்முடிவிற்கு வந்தார் என்று கேட்க நாம் வெட்கப்படலாகாது. முதலிரண்டும் அரசாங்கம் மனம் வைக்கவேண்டியவை. மூன்றாவதற்கு எவருடைய உத்தரவும் வேண்டுவதில்லை. நம் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியிலே அம்மஞ்சள் விளக்கு எரியுமாயின், அயலானுக்காகப் பேச வந்த சாட்சி வாயிலில் காத்திருக்கிறது என்று எண்ணி, இன்றே அதனை உள்ளே அழைத்து விசாரிப்போமாக.